சிறிய ஓட்டை, பெரிய அழுத்தம்: பிறவி இதயக் குறையின் பின்னால் மறைந்திருந்த அழற்சி

பின்னணி

நோயாளி 26 வயதுப் பெண். தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் சிற்றூர். கணவர் லாரி ஓட்டுநர், இரண்டரை வயதில் ஒரு மகன். அடையாளம் தெரியாதிருக்க, நோய்ப் போக்கைப் பாதிக்காத சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

எட்டு மாதமாக மூச்சு வாங்கியது. தண்ணீர்க் குடம் தூக்கும்போது தொடங்கியது, பிறகு படியேறும்போதும் வந்தது. எங்களிடம் வந்த சமயத்தில் குளித்துவிட்டு உடை மாற்றுவதற்குள் ஒருமுறை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது. இடையில் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்ததால், ஊர்ப்பக்கம் காசநோய்க்கான பரிசோதனைகள் நடந்தன. கபத்தில் கிருமி இல்லை. ரத்தசோகை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் ஒருவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டு எக்கோவுக்கு அனுப்பினார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில், பிறவியிலிருந்தே ஓர் ஓட்டை, அதாவது ஏ.எஸ்.டி., இருப்பது தெரிந்தது.

பரிந்துரைக் கடிதத்தின் கடைசி வரி ‘சாதனம் வைத்து ஓட்டையை அடைக்கவும்’ என்றது. காப்பீட்டு அட்டையின் நகல் உட்பட எல்லாம் தயார். அடைத்துக்கொண்டு ஓரிரு நாளில் ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடுதான் குடும்பம் வந்திருந்தது.

முதல் பார்வையில் கண்டவை

நாடித் துடிப்பு 104, ரத்த அழுத்தம் 100/70. கழுத்துச் சிரை புடைத்திருந்தது, கணுக்காலில் லேசான வீக்கம். நுரையீரல் வால்வு மூடும் ஒலி உரக்கக் கேட்டது. உதட்டிலோ நாக்கிலோ நீலம் பாரிக்கவில்லை, நகங்கள் உருண்டிருக்கவில்லை.

எக்கோவை மறுபடி எடுத்தோம். ஓட்டை 11 மி.மீ., ரத்தம் பெரும்பாலும் இடமிருந்து வலமாக, மெல்லிய வேகத்தில் ஓடியது. வலது மேலறையும் கீழறையும் பெருத்திருந்தன. வலது கீழறை சுருங்கும் திறன் குறைந்திருந்தது. வலது அறைகளுக்கு நடுவிலுள்ள டிரைகஸ்பிட் வால்வின் கசிவு வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், அதாவது நுரையீரல் தமனியின் உச்ச அழுத்தம் சுமார் 85. இதயத்தைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலமும் தெரிந்தது. ஆறு நிமிட நடையில் 290 மீட்டரோடு நின்றுவிட்டார். வலது இதயத்தின் திணறலைக் காட்டும் என்.டி. ப்ரோ பி.என்.பி. 2,140.

இங்கேயே கணக்கு இடித்தது. மேலறை ஓட்டை என்பது குறைந்த அழுத்தத்தில் ஓடும் குறுக்குவழி. நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும், ஆனால் அதிக அழுத்தத்தோடு போகாது. கீழறைச் சுவர் ஓட்டையோ, பிறந்தபின் தானாக மூடாமல் விட்ட டக்டஸ் என்னும் ரத்தக்குழாயோ பெரிதாக இருந்தால் குழந்தைப் பருவத்திலேயே நுரையீரல் தமனிகள் கெட்டித்துவிடும். மேலறை ஓட்டையில் அப்படி ஆவது சிறுபான்மையினருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் பெரிய ஓட்டையோடு நடுவயதில். 11 மி.மீ. ஓட்டை 26 வயதில் 85 அழுத்தத்தை உண்டாக்கியது என்றால் நம்பச் சற்றுக் கடினம்.

ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல் இத்தகையவர்களைத் தனி வகையாகவே வைக்கிறது. எக்கோவில் 2 செ.மீ.க்குக் குறைவான மேலறை ஓட்டையோடு உயர் நுரையீரல் அழுத்தம் இருந்தால், ஓட்டையைத் தற்செயலாகக் கூட இருப்பதாகக் கொள்ளவேண்டும், அடைக்கக் கூடாது. அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. மேலறைச் சுவரின் ஓரத்தில் வரும் சைனஸ் வீனோசஸ் வகை ஓட்டையோ, தடம் மாறி வலது பக்கம் சேரும் நுரையீரல் சிரைகளோ சாதாரண எக்கோவில் கண்ணுக்குத் தப்பும். உணவுக்குழாய் வழி எக்கோவிலும் சி.டி.யிலும் நான்கு சிரைகளும் சரியான இடத்தில் சேர்ந்தன. வேறு ஓட்டை இல்லை.

விரல்கள்

திருப்பம் எக்கோ அறையில் வரவில்லை, வார்டில் வந்தது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் எண்ணே காட்டவில்லை. கருவி பழுது என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அன்றைய பணிச் செவிலியர் அப்படிச் செய்யவில்லை. காதுமடலில் மாட்டி 95 விழுக்காடு என்று பார்த்துக்கொண்டு, விரல்களைத் தொட்டுப் பார்த்தார். ஏ.சி. அறையில் சில்லிட்டு வெளுத்திருந்தன. “எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டபோது வந்த பதில் நோயாளிக் குறிப்பில் அப்படியே இருக்கிறது: “பாத்திரம் கழுவுனா வெரலு வெள்ளையாப் போயிரும் சிஸ்டர். அப்புறம் நீலமாகி எரியும். ஒரு வருசமா கல்யாண மோதிரமும் ஏற மாட்டேங்குது.”

இதைக் கேட்டபிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மடங்காது. முடி கொத்தாக உதிர்கிறது. குழந்தை பிறந்த பின் எல்லோருக்கும் உதிர்வதுதானே என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூச்சு வாங்குகிறது என்று இதய மருத்துவரிடம் வருபவர் மோதிரத்தைப் பற்றி எதற்குச் சொல்லப்போகிறார்?

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 3,400, தட்டணுக்கள் 1.1 லட்சம், ஹீமோகுளோபின் 11.2. அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளில் ஈ.எஸ்.ஆர். 82, ஆனால் சி.ஆர்.பி. வெறும் 9. கிருமித்தொற்றில் இரண்டும் சேர்ந்தே ஏறும். நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயில் ஈ.எஸ்.ஆர். உச்சத்தில் இருக்க, சி.ஆர்.பி. பெரும்பாலும் பின்தங்கும். அந்த முரண் ஒரு தடயம். இத்தகைய நோய்களுக்கான முதல் பரிசோதனையான ஏ.என்.ஏ. 1:1280 வரை புள்ளி வடிவில் வந்தது. யு1 ஆர்.என்.பி. எதிர்ப்பான் மிக வலுவாக இருந்தது, இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பான் லேசாக. லூபஸ் தீவிரமாகும்போது குறையும் சி3 நிரப்புப் புரதம் குறைவு. சிறுநீரில் புரதம் சுவடளவே. ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்கள் இல்லை.

வாதநோய் மருத்துவர் பார்த்துவிட்டு, கலப்பு இணைப்புத்திசு நோய் (தன்னுடலையே தாக்கும் பல நோய்களின் கலவை), லூபஸின் அம்சங்களோடு, என்று எழுதினார்.

எந்த அழற்சி?

இந்த வழக்கில் எல்லோரும் அதிக நேரம் விவாதித்தது இதைத்தான். ‘நுரையீரல் உயர் அழுத்தத்தில் அழற்சி இருக்கிறது’ என்பது எந்த வகைக்கும் பொருந்தும் வாக்கியம். அதனாலேயே அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பிறவி ஓட்டையால் வரும் அழுத்தத்திலும் அழற்சி உண்டு. ஹீத், எட்வர்ட்ஸ் இருவரும் 1958இல் இந்தத் தமனி மாற்றங்களை ஆறு படிகளாக வகுத்தபோது, கடைசிப் படியாக வைத்ததே தமனிச் சுவர் அழுகும் அழற்சியைத்தான். வேகமும் அழுத்தமும் மிகுந்த ரத்தவோட்டம் தமனியின் உட்பூச்சை வருடக்கணக்கில் உரசுகிறது. காயப்பட்ட உட்பூச்சு இன்டர்லூகின் 6 போன்ற சமிக்ஞைகளை விடுகிறது. மேக்ரோபேஜ், லிம்போசைட் என்னும் எதிர்ப்புச் செல்கள் தமனியைச் சுற்றிக் குழுமுகின்றன. தசைச் செல்கள் பெருகி வழி குறுகுகிறது. இங்கே அழற்சி வினைக்குப் பின்னால் வந்து சேர்ந்து, நோயைத் தூக்கிப்பிடிக்கும் கூட்டாளி. அதை அடக்கினால் குழாய் திறக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இன்டர்லூகின் 6இன் வழியை மறிக்கும் டோசிலிசுமாப் மருந்தை நுரையீரல் தமனி உயர் அழுத்தத்தில் சோதித்துப் பார்த்தபோதுகூட ரத்தக்குழாய்த் தடை குறையவில்லை.

லூபஸிலும் கலப்பு இணைப்புத்திசு நோயிலும் கதை வேறு. அங்கே நோய் எதிர்ப்பு மண்டலமே முதல் கல்லை எறிகிறது. இவ்விரண்டில் ஒரு பகுதியினருக்கு, எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோபாஸ்பமைடும் ஸ்டீராய்டும் கொடுத்தால் அழுத்தம் உண்மையாகவே இறங்குகிறது என்பதைப் பிரான்ஸிலிருந்து வந்த அனுபவங்கள் காட்டின. அதே குடும்பத்தைச் சேர்ந்த, தோல் தடித்து இறுகும் ஸ்க்லீரோடெர்மாவில் அந்தப் பலன் கிட்டவில்லை. ஆகவே அழற்சி இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தினால் போதாது. அதை யார் தொடங்கிவைத்தார்கள் என்பதைப் பொறுத்தே மருந்து மாறும். (பிரேசில் போன்ற நாடுகளில் ரத்தக்குழாய்ப் புழுவின் முட்டைகள் நுரையீரலில் தங்கி இதே அழற்சியைத் தொடங்கிவைப்பதுண்டு. நம்மூரில் அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியதில்லை.)

மற்ற காரணங்களையும் கழித்தோம். காற்றோட்ட, ரத்தவோட்ட ஸ்கேனில் பழைய ரத்தக்கட்டியின் அடையாளம் இல்லை. சி.டி.யில் நுரையீரல் திசு தடித்திருக்கவில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், கல்லீரல் சிரை அழுத்தம் எதுவும் இல்லை.

கதீட்டர் முடிவு

சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளக்கும் வலது இதயக் கதீட்டரில் நுரையீரல் தமனி அழுத்தம் 86/38, சராசரி 54. இடப்பக்க நிரப்பழுத்தம் 10, எனவே கோளாறு இடது இதயத்தில் இல்லை. வலது மேலறை அழுத்தம் 9. நுரையீரல் ஓட்டத்துக்கும் உடல் ஓட்டத்துக்குமான விகிதம் 1.1. ரத்தக்குழாய்த் தடை 11.5 வுட் அலகு. உடல் பரப்பளவுக்கேற்ற இதய வெளியீடு 2.5.

1.1 என்ற விகிதம் ஓட்டை வழியே பெரிதாக எதுவும் ஓடவில்லை என்கிறது. ஓட்டம் உயர்ந்து அழுத்தம் ஏறியிருந்தால் முதலில் ஓட்டம் தெரிந்திருக்க வேண்டும். தடை முற்றியபின் ஓட்டம் குறைவதும் உண்டுதான். ஆனால் அப்படி முற்றிய எய்சன்மெங்கர் நிலையில் நீலம் பாரித்திருக்கும், நகம் உருண்டிருக்கும், கதை பல வருடம் நீண்டிருக்கும். இவருக்கு எல்லாம் எட்டு மாதக் கதை. அதற்கு முன்னால் ஒரு பிரசவத்தையே சிக்கலின்றிக் கடந்திருக்கிறார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஓட்டையை அடைப்பதில்லை. தடை 5 வுட் அலகுக்கு மேல் நிற்கும்வரை அடைப்பது ஆபத்து. வலது இதயம் எதிர்த்துத் தள்ள முடியாத நேரத்தில் கொஞ்சம் ரத்தம் இடப்பக்கம் கசிந்து உடலுக்குப் போக அந்த ஓட்டைதான் வழி.

இதைக் குடும்பத்துக்குச் சொல்வது கதீட்டரை விடக் கடினமாக இருந்தது. நோயாளியின் தாய் கேட்டது நியாயமான கேள்வி: “ஓட்டைங்கிறீங்க, அடைக்க மாட்டேங்கிறீங்க. காசு விசயமா டாக்டர்? இருந்தாச் சொல்லிருங்க.” மேல்நிலைத் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயை அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுத்தான் விளக்க வேண்டியிருந்தது. “அம்மா, அந்தக் குழாய் இருக்கறதாலதான் தொட்டி இன்னும் உடையாம இருக்கு. தண்ணி ஏன் இவ்வளவு ஏறுதுன்னு முதல்ல பார்ப்போம்.” முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. கணவரும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தபிறகு, மறுநாள் உட்கார்ந்து மறுபடி பேசினோம். ஒரே பேச்சில் முடியும் விஷயம் அல்ல இது.

இரண்டாவது, அழற்சிக்கும் அழுத்தத்துக்கும் மருந்துகளை ஒன்றாகவே தொடங்குவது. நோய் லேசாக இருப்பவர்களில் எதிர்ப்புத் தணிப்பு மருந்தை மட்டும் கொடுத்துப் பார்க்க இடமுண்டு. நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை மூச்சுத்திணறலும் 2.5 வெளியீடும் உள்ளவரிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எந்த மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது என்பது இந்த முடிவின் விலை. தெரிந்தேதான் கொடுத்தோம்.

அழுத்தத்துக்கு டடாலபில் 40 மி.கி., அம்பிரிசென்டான் 5 மி.கி.யில் தொடங்கி 10. அழற்சிக்கு சைக்ளோபாஸ்பமைடு, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 600 மி.கி. வீதம் மாதம் ஒருமுறை, ஆறு சுற்று. ஸ்டீராய்டான பிரெட்னிசலோன் 40 மி.கி. நான்கு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மி.கி., நீர் வெளியேற மாத்திரை. சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும்போது சிறுநீர்ப்பையைக் காக்க நிறையச் சலைன் ஏற்றுவது வழக்கம். வலது இதயம் திணறும் ஒருவருக்கு அதே அளவு ஏற்றினால் மூழ்கடித்துவிடும். அதனால் சிறுநீர்ப்பையைக் காக்கும் மெஸ்னா மருந்து சேர்த்து, சலைனைக் குறைத்து, தினமும் எடை பார்த்தோம்.

ஸ்டீராய்டுக்கு முன் மறைந்திருக்கும் காசநோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு உடலில் ஒளிந்திருந்தால் ஸ்டீராய்டில் பெருகி உயிருக்கே உலை வைக்கும் என்பதால் ஐவர்மெக்டின் கொடுத்தோம். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களிடம் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

மூன்றாவது, கருத்தடை. இந்த நோயில் கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து. கொடுத்த மருந்துகளில் சில கருவையும் சிதைக்கும். ஈஸ்ட்ரஜன் உள்ள மாத்திரை வேண்டாம் என்று முடிவாயிற்று. கையில் வைக்கும் ப்ரொஜெஸ்டின் இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது. போசென்டான் இந்த ஹார்மோனின் பலனைக் குறைக்கும், டடாலபிலின் அளவையும் இறக்கும். விலை குறைவாக இருந்தும் அதை விட்டு அம்பிரிசென்டானை எடுத்ததற்கு அதுவே காரணம். சினைப்பையைக் காக்க லியூப்ரோலைடு ஊசியும் சேர்ந்தது.

அடுத்து நடந்தவை

முதலில் மாறியது மூச்சு அல்ல, விரல்கள்தான். ஒரு மாதத்துக்குள் காலை விறைப்பு போனது. மூன்றாம் மாதம் மூச்சு சற்று இலேசானது, கால்வீக்கம் வடிந்தது, நீர்ப்படலம் மறைந்தது.

மூன்றாம் சுற்றுக்குப் பின் பத்தாம் நாள் காய்ச்சலோடு வந்தார். ஆக்சிஜன் 86க்கு இறங்கியிருந்தது. லூபஸ் மறுபடி கிளம்பிவிட்டதா, தொற்றா என்பதே கேள்வி. முன்னதென்றால் ஸ்டீராய்டை உயர்த்த வேண்டும், பின்னதென்றால் உயர்த்துவது தீங்கு. சி.ஆர்.பி. 126 என்று வந்தது. நோய் உச்சத்தில் இருந்தபோதே 9ஐத் தாண்டாதது இப்போது 126 என்றால், அது லூபஸின் குரல் அல்ல. சி3 நல்ல அளவில் இருந்தது, மூட்டுகள் அமைதியாக இருந்தன. எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பக்கம் நிமோனியா, கபத்தில் கிளெப்சியெல்லா கிருமி. ஸ்டீராய்டைக் கூட்டவும் இல்லை, சட்டென்று நிறுத்தவும் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, ஆக்சிஜன், தீவிரப் பிரிவில் ரத்த அழுத்தத்தைத் தாங்க இரு நாள் நார்அட்ரினலின். பிழைத்துக்கொண்டார். நான்காம் சுற்று மூன்று வாரம் தள்ளிப்போனது.

ஆறு சுற்று முடிந்ததும் கதீட்டர் மறுபடி. நுரையீரல் தமனி 52/20, சராசரி 31. வலது மேலறை 5. தடை 3.6 வுட் அலகு. வெளியீடு 2.9. ஓட்ட விகிதம் 1.4. ஆறு நிமிட நடை 430 மீட்டர், என்.டி. ப்ரோ பி.என்.பி. 260.

மறுபடி ஓட்டை

அந்த 1.4ஐக் கவனிக்க வேண்டும். தடை இறங்க இறங்க ரத்தம் ஓட்டை வழியே நுரையீரலுக்குள் சுலபமாகப் பாய்கிறது. அழுத்தம் குறைந்ததாலேயே ஓட்டை வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. 3 முதல் 5 வரை தடையும் 1.5க்கு மேல் விகிதமும் இருந்தால் அடைப்பதைப் பரிசீலிக்கலாம் என்பது பிறவி இதய நோய்க்கான 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல். இவர் அதன் விளிம்பில் நின்றார். குழுவில் ஒருவர் ‘இப்போது அடைத்துவிடலாம்’ என்றார். மற்றவர்கள் ஒப்பவில்லை, நானும் ஒப்பவில்லை. எண் எல்லையைத் தொடவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட, அந்த எண் மருந்தின் பிடியில் இருக்கும் எண். இணைப்புத்திசு நோய் எப்போது வேண்டுமானாலும் மறுபடி தலைதூக்கும். அன்று 11.5க்குத் தடை திரும்பினால், அடைத்த சுவரைத் திறக்க முடியாது. அடைக்காமல் பார்த்துவருவது என்று முடிவானது.

சைக்ளோபாஸ்பமைடுக்குப் பதில் மைக்கோஃபீனோலேட் தொடங்கப்பட்டது. பிரெட்னிசலோன் 5 மி.கி.யில் நிற்கிறது.

ஒன்றரை வருடம் ஆனபோது மாமியார் தனியாக வந்து, “இன்னொரு புள்ள பெத்துக்கலாமா, பொண்ணு நல்லாத்தானே நடமாடுது” என்று கேட்டார். முடியாது என்றே சொன்னோம். பார்க்க நன்றாக இருப்பதுதான் இந்த நோயில் குடும்பத்தை ஏமாற்றும் விஷயம். மருந்து அழுத்தத்தை இறக்கியிருக்கிறது, நோயை எடுத்துவிடவில்லை. நோயாளிக்கு அது முன்பே தெரியும். அந்தக் கேள்வி அவருடையது அல்ல. அன்று முதல் கருத்தடை பற்றிய பேச்சு கணவரையும் வைத்துக்கொண்டு மட்டுமே நடக்கிறது.

எங்கள் பிரிவில் மாறியவை

மேலறை ஓட்டையை அடைக்க அனுப்பப்படும் எல்லோருடைய எக்கோ அறிக்கையிலும் ஓட்டையின் அளவுக்குப் பக்கத்திலேயே நுரையீரல் அழுத்தத்தை எழுதுகிறோம். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கோப்பு நேராகச் சாதன அறைக்குப் போகாது. 2 செ.மீ.க்குக் குறைந்த ஓட்டையோடு உயர் அழுத்தம் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏ.என்.ஏ., காற்றோட்ட ரத்தவோட்ட ஸ்கேன் இரண்டும் கதீட்டருக்கு முன்பே. சேர்க்கைப் படிவத்தில் விரல் வெளுப்பு, காலை விறைப்பு, முடி உதிர்வு, மோதிரம் இறுகுதல் என்று நான்கு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். அவற்றைக் கேட்பது செவிலியர். எங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்கிறார்கள்.

மருந்து தொடங்கும் நாளன்றே சி.ஆர்.பி., சி3 இரண்டையும் நோயாளியின் அடிப்படை அளவாகக் குறித்து, கையில் கொடுத்தனுப்பும் அட்டையிலும் எழுதுகிறோம். காய்ச்சல் வந்து வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் போய் நின்றால், இது தொற்றா, நோயா என்று அங்குள்ளவர் ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கென்று ஒரு எண் வேண்டும். இந்தப் பெண்ணின் அட்டையில் 9 என்று இருக்கிறது.

இன்னும் மாற்ற நினைப்பது ஒன்று உண்டு, நடக்கவில்லை. சைக்ளோபாஸ்பமைடு சுற்றுகளுக்கு நடுவே ரத்த அணுக்களைப் பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் பேருந்தில் எங்களிடம் வரவேண்டியிருந்தது. நிமோனியாவுக்கு முந்தைய வாரம் வந்திருக்க வேண்டிய பரிசோதனை, கணவர் வெளியூர் லோடில் இருந்ததால் தவறியது. அதை ஊரிலேயே எடுத்து எண்ணைத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு ஆரம்பச் சுகாதார நிலையத்தோடு பேச்சளவில் இருக்கிறது.

தற்போதைய நிலை: இரண்டாம் நிலை மூச்சுத்திணறல், எக்கோவில் உச்ச அழுத்தம் 50க்கு அருகில், ஓட்டை 11 மி.மீ., திறந்தே இருக்கிறது. அடுத்த கதீட்டர் வருடாந்திரப் பரிசோதனையோடு.